‘இலவசம் கிடையாது, கடனைக் குறைப்பேன்’: சிக்கனம் பேசும் புதுமுகம் எம்.எல்.ஏ ஆனால் என்ன நடக்கும்? காரைக்காலுக்கு 1967 சொல்லும் பாடம்

தேர்தல் வந்துவிட்டால் வாக்குறுதிப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். உதவித்தொகை, அரிசி, சிலிண்டர், லேப்டாப் என ஒரு கட்சி ஒன்று சொன்னால், அடுத்த கட்சி இரண்டு சொல்லும். இதற்கு நடுவே ஒரு புதுமுக வேட்பாளர் வந்து, “புதுசா எதுவும் தர மாட்டேன். வீண் செலவைக் குறைப்பேன், கடனை அடைப்பேன், வரியை ஏத்த விட மாட்டேன்” என்று சொன்னால் எப்படி இருக்கும்?

காரைக்கால் கடலோரத்தில் இருக்கும் மீனவ கிராமமான கருக்களாச்சேரியில் இப்படி ஒருவர் ஓட்டு கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீன்பிடி தடைக்கால நிவாரணம், முதியோர் பென்ஷன், ரேஷன் அரிசி என்று அரசுப் பணம் நேரடியாக வீட்டுக்கு வரும் ஊர் அது. ‘கடனைக் குறைப்பேன்’ என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நொடியே ‘அப்போ நம்ம நிவாரணம்?’ என்ற கேள்வியும் வரும். இரண்டுமே நியாயமான உணர்வுதான்.

உண்மையில் அப்படி ஒருவர் ஜெயித்தால் புதுச்சேரி சட்டப்பேரவையில் அவரால் என்ன செய்ய முடியும்? இதற்கு முன் இதே கொள்கையோடு தேர்தலில் நின்றவர்களுக்கு என்ன ஆனது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

• நிதிச் சிக்கனத்தையே கொள்கையாக வைத்து இந்தியாவில் பெரிதாக வளர்ந்த கட்சி, ராஜாஜியின் சுதந்திரா கட்சி. 1967-ல் சென்னை மாநிலத்தில் 20 இடங்களில் வென்றது.
• அந்த வெற்றி, ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று சொன்ன தி.மு.க-வுடன் கூட்டணி வைத்துக் கிடைத்தது.
• புதுச்சேரியில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்யவே டெல்லியின் ஒப்புதல் வேண்டும். ஒரு தனி எம்.எல்.ஏ செலவைக் கூட்டவே முடியாது. குறைக்கச் சொல்லலாம், ஆனால் குறைத்துக் காட்டுவது கடினம்.
• அவர் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் வெட்டு அல்ல, கேள்வி.

‘நிதிச் சிக்கனம்’ என்றால் என்ன?

வரவுக்குள் செலவு, குறைந்த கடன், குறைந்த வரி, அரசு தேவையில்லாத தொழிலில் இறங்காமல் இருப்பது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் நிதிச் சிக்கனக் கொள்கை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், விரலுக்கேத்த வீக்கம்.

ஆனால் செலவைக் குறைப்பது மட்டுமே சிக்கனம் இல்லை. ஒரு வருமானத்தை விட்டுக்கொடுத்தால், அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று சொல்வதும் அதில் அடக்கம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரான ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராயத்தில் இருந்து வந்துகொண்டிருந்த வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பொருள்கள் மீது பொதுவாக விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான். வியாபாரிகளிடம் எதிர்ப்பு கிளம்பியும் அவர் பின்வாங்கவில்லை. ‘இந்த வருமானம் வேண்டாம்’ என்றால் ‘இந்த வரி வேண்டும்’ என்று சேர்த்தே சொன்னார்.

மது வருமானத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் புதுச்சேரிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். காரைக்காலில் மதுக்கடைகளைக் குறைப்பேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அதோடு குறையும் கலால் வரிக்கு மாற்று என்ன என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

சிக்கனத்துக்காகவே ஒரு கட்சி

அதே ராஜாஜி, காங்கிரசில் இருந்து விலகி, 80 வயதில் ஒரு புதிய கட்சியைத் தொடங்கினார். 1959 ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. என்.ஜி.ரங்கா முதல் தலைவர். மினூ மசானி முக்கியத் தளகர்த்தர். அந்த ஆண்டு நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் நிறைவேறியதுதான் உடனடிக் காரணம்.

எதற்கெடுத்தாலும் அரசிடம் லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று நிற்க வேண்டிய நிலையை ராஜாஜி ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்’ என்று கிண்டல் செய்தார். வரியைக் குறைக்க வேண்டும், பற்றாக்குறை பட்ஜெட்டும் வெளிநாட்டுக் கடனும் வேண்டாம், அரசு தொழில் நடத்துவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே கட்சியின் குரல். நேருவின் ஐந்தாண்டுத் திட்டங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில் இது எதிர்நீச்சல்.

வளர்ச்சி வேகமாகவே இருந்தது. 1962 மக்களவைத் தேர்தலில் 18 இடங்கள். 1967-ல் 44 இடங்கள். நாடாளுமன்றத்தில் மிகப்பெரிய எதிர்க்கட்சியும் அதுதான்.

ஜெயித்த புதுமுகம்: ஓட்டு எதற்கு விழுந்தது?

சுதந்திரா கட்சியின் மிகப் பிரபலமான புதுமுகம் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி. 1962-ல் முதல்முறையாக மக்களவைத் தேர்தலில் நின்றார். பதிவான 2,46,516 ஓட்டுகளில் 1,92,909 ஓட்டுகள் அவருக்கு. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்த வெற்றி இது. 1967, 1971 தேர்தல்களிலும் ஜெயித்தார்.

அந்த ஓட்டு மகாராணிக்கு விழுந்ததா, பற்றாக்குறை இல்லாத பட்ஜெட்டுக்கு விழுந்ததா? ராஜஸ்தானில் அரச குடும்பத்தின் செல்வாக்கு அப்போதும் மங்கவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. கொள்கைக்காக மட்டும் ஓட்டு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை இந்த வெற்றியே காட்டுகிறது. சிக்கனம் பேசியவர்கள் பல இடங்களில் வேறு ஏதோ ஒரு பலத்தில்தான் கரையேறினார்கள். ஒரு இடத்தில் அரச குடும்பம், இன்னொரு இடத்தில் கூட்டணி.

1967: சிக்கனமும் மூன்று படி அரிசியும் ஒரே மேடையில்

தமிழ்நாட்டில் அந்தப் பலம் கூட்டணி. 1962-ல் தனித்துப் பெரிதாகச் சாதிக்க முடியாமல் 6 சட்டப்பேரவை இடங்களோடு நின்ற சுதந்திரா, 1967-ல் அண்ணாவின் தி.மு.க-வோடு கைகோர்த்தது. காங்கிரசை வீழ்த்துவதே பொது நோக்கம்.

அந்தத் தேர்தலில் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்த வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த மக்களிடம் அது நேராகப் போய்ச் சேர்ந்தது. அரசு மானியமே கூடாது என்று பேசிய கட்சியும், அந்தக் காலத்தின் மிகப்பெரிய மானிய வாக்குறுதியும் ஒரே அணியில் இருந்தன.

முடிவு? 234 இடங்கள் கொண்ட பேரவையில் தி.மு.க தனிப் பெரும்பான்மை பெற்றது. சுதந்திரா 20 இடங்களில் வென்றது. பல புதுமுகங்கள் பேரவைக்குள் வந்தார்கள். சென்னை பூங்கா நகரில் வென்ற டாக்டர் எச்.வி.ஹண்டேயும் சுதந்திரா வேட்பாளர்தான்.

ஆனால் தி.மு.க-வுக்கு ஆட்சி அமைக்க யாருடைய தயவும் தேவைப்படவில்லை. அமைச்சரவை தி.மு.க-வுடையது, பட்ஜெட்டும் தி.மு.க-வுடையது. 20 எம்.எல்.ஏ-க்கள் இருந்தும், எதற்கு எவ்வளவு செலவு என்பதைத் தீர்மானிக்கும் பேனா சுதந்திரா கையில் இல்லை.

மூன்று படி வாக்குறுதி என்ன ஆனது என்பதும் முக்கியம். 1967 மே மாதம் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுக்க விரிவுபடுத்த கஜானா இடம் கொடுக்கவில்லை. அங்கே செலவைத் தடுத்தது சிக்கனவாதிகளின் பேச்சு இல்லை, வரவு-செலவுக் கணக்கு.

மதுவிலக்கு விஷயத்திலும் இதே கதை. 1971-ல் தி.மு.க அரசு நிதி நிலையைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்தியது. 92 வயது ராஜாஜி முதல்வர் கருணாநிதியை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் சுதந்திரா 8 இடங்களுக்குச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி, சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

சிக்கனக் கட்சிக்காரர், சத்துணவு அமைச்சரவையில்

எச்.வி.ஹண்டேயின் பிற்காலம் இந்தக் கதையில் ஒரு முக்கியமான திருப்பம். பின்னாளில் அவர் அ.தி.மு.க-வில் சேர்ந்தார். 1980-ல் அண்ணா நகரில் கருணாநிதியை எதிர்த்து நின்று 699 ஓட்டு வித்தியாசத்தில்தான் தோற்றார். எம்.ஜி.ஆர் அமைச்சரவையில் சுகாதாரத்துறை அமைச்சரானார்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மாநிலத்தின் பணத்தை இப்படிக் கொட்டலாமா என்று பொருளாதார வல்லுநர்கள் பலர் கேட்டார்கள். இன்று அந்தத் திட்டத்தை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்த முதலீடு என்று நாடே பின்பற்றுகிறது.

சிக்கனம் பேசும் எந்த வேட்பாளருக்கும் இது ஒரு சோதனைக் கேள்வி. ‘1982-ல் நீங்கள் பேரவையில் இருந்திருந்தால் சத்துணவுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருப்பீர்களா?’ இதற்கு அவர் சொல்லும் பதிலில், எதைச் செலவு என்றும் எதை முதலீடு என்றும் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் நிலைமை எப்படி?

அமெரிக்காவில் 2010-ல் ‘டீ பார்ட்டி’ அலையில், அரசுச் செலவைக் குறைப்போம் என்ற ஒற்றை முழக்கத்தோடு பல புதுமுகங்கள் ஜெயித்தார்கள். அதில் ஒருவர் கென்டக்கியைச் சேர்ந்த கண் மருத்துவர் ராண்ட் பால். நின்ற முதல் தேர்தலிலேயே செனட்டர் ஆனார். அரசின் வீண் செலவுகளைப் பட்டியல் போட்டு ஆண்டுதோறும் அறிக்கையும் வெளியிடுகிறார்.

ஆனால் 2010-ல் 13 லட்சம் கோடி டாலருக்கு மேல் இருந்த அமெரிக்க அரசின் கடன், 2025-ல் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பட்டியல் போடுவது ஒன்று, குறைப்பது இன்னொன்று. பெரும்பான்மை இல்லாத சிக்கனவாதி உலகத்தில் எங்கும் தணிக்கைக்காரர் மாதிரிதான் வேலை செய்ய முடிகிறது.

காரைக்காலின் பணம் யார் கையில்?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. ஆனால் புதுச்சேரி நகரத்தில் இருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நாலு பக்கமும் கடலும் தமிழ்நாடும் சூழ்ந்து நிற்கிறது. 2011 கணக்குப்படி மக்கள்தொகை 2,00,222. நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருப்பட்டினம் என 5 தொகுதிகள். பேரவையில் தேர்ந்தெடுக்கப்படும் மொத்த இடங்கள் 30.

அதாவது காரைக்காலின் ஐந்து எம்.எல்.ஏ-க்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் ஆறில் ஒரு பங்குதான்.

புதுச்சேரியின் பட்ஜெட் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்:

• 2022-23: 10,696 கோடி ரூபாய்
• 2023-24: 11,600 கோடி ரூபாய்
• 2024-25: 12,700 கோடி ரூபாய்
• 2025-26: 13,600 கோடி ரூபாய்

மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 27 சதவீத உயர்வு. 2025-26 பட்ஜெட்டில்தான், அரசின் எந்த உதவியும் பெறாத குடும்பத் தலைவிகளுக்கான மாத உதவித்தொகையை 1,000 ரூபாயில் இருந்து 2,500 ரூபாயாக உயர்த்துவதாக முதல்வர் ரங்கசாமி அறிவித்தார்.

இந்தப் பணம் மூன்று வழிகளில் வருகிறது: சொந்த வருமானம், மத்திய அரசின் உதவி, கடன். மாநிலங்களுக்கு மத்திய வரியில் பங்கு பிரித்துக் கொடுக்கும் நிதிக்குழுவின் வரம்புக்குள் புதுச்சேரி வராது. அது மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம். டெல்லி எவ்வளவு தருகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு ஆண்டும் கணக்கு. புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கேட்பவர்கள் முன்வைக்கும் முக்கிய வாதங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டப்படி, பட்ஜெட்டைப் பேரவையில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின், அதாவது நடைமுறையில் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2022-ல் இந்த ஒப்புதல் தாமதமானதால், நிதியாண்டு தொடங்கி நான்கு மாதம் கடந்து ஆகஸ்ட் 22-ல்தான் முழு பட்ஜெட் தாக்கலானது. அதுவரை இடைக்காலச் செலவு அனுமதியில்தான் அரசு ஓடியது.

எம்.எல்.ஏ-வால் என்ன முடியும்?

ஒரு சாதாரண எம்.எல்.ஏ, ‘எங்க ஊருக்கு இவ்வளவு கோடி ஒதுக்கணும்’ என்று பண மசோதா கொண்டுவர முடியாது. செலவை உண்டாக்கும் மசோதாவுக்கும், மானியக் கோரிக்கைக்கும் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை கட்டாயம். ஆனால் ஒரு மானியக் கோரிக்கையை ஏற்கவோ, மறுக்கவோ, தொகையைக் குறைக்கவோ பேரவைக்கு அதிகாரம் இருக்கிறது. வரியைக் குறைக்கும் திருத்தம் கொண்டுவர இந்தப் பரிந்துரைகூடத் தேவையில்லை.

ஆக, சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், சிக்கனம் பேசும் எம்.எல்.ஏ-வுக்குத்தான் வழி திறந்திருக்கிறது. அவர் கையில் இருக்கும் கருவிகள் இவை:

வெட்டுத் தீர்மானம்: ஒரு துறையின் ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோருவது. நாடாளுமன்ற மரபில் இது மூன்று வகை. கொள்கையையே எதிர்த்தால், தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. செலவு அதிகம் என்று நினைத்தால், இவ்வளவு தொகையைக் குறைக்கச் சொல்வது. ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால், 100 ரூபாய் குறைக்கச் சொல்வது.

மதிப்பீட்டுக் குழு: அரசுத் துறைகளின் செலவில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் இந்தப் பேரவைக் குழுவின் வேலையே.

பொதுக் கணக்குக் குழு: இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டதும், அதில் உள்ள தவறுகளை வைத்து அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் குழு.

கேள்வி நேரம்: எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, மீதி எங்கே என்று எழுத்துபூர்வமாகப் பதில் வாங்கலாம்.

எது தடுக்கும்?

முதலாவது, எண்ணிக்கை. வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அரசே பெரும்பான்மை இழந்ததாகப் பொருள். அதனால் ஆளுங்கட்சி அதை நிறைவேற விடாது. நம்ம வேட்பாளர் ஆளுங்கட்சிக்காரர் என்றால் கொறடா உத்தரவை மீற முடியாது, மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும்.

இரண்டாவது, நியமன எம்.எல்.ஏ-க்கள். 30 பேரைத் தவிர, மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். பட்ஜெட் உட்பட எல்லாவற்றிலும் அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 30 பேர் அவையில் மூன்று ஓட்டு சாதாரணம் இல்லை.

மூன்றாவது, தொட முடியாத செலவுகள். பழைய கடனுக்கான வட்டி போன்றவற்றின் மீது பேரவை ஓட்டெடுப்பே நடத்த முடியாது. சம்பளமும் பென்ஷனும் ஓட்டெடுப்புக்கு வந்தாலும், நடைமுறையில் யாரும் கை வைக்க முடியாது. புதுச்சேரியில் மின்சாரம் தனி வாரியம் இல்லை, அரசுத் துறை. அதனால் மின்சாரம் வாங்கும் செலவும் பட்ஜெட்டுக்குள்ளேயே வரும். இவையெல்லாம் போகத்தான் ‘குறைக்கலாமா’ என்று பேசவே இடம் இருக்கிறது.

நான்காவது, உள்ளாட்சி இல்லாதது. புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின் மறுபடி தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் ஓடின. கவுன்சிலர் இல்லாத ஊரில் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ வீட்டு வாசலில்தான் கூட்டம் நிற்கும். ‘செலவைக் குறைப்பேன்’ என்று ஜெயித்தவரிடம் முதல் நாளே வருவது, செலவு செய்யச் சொல்லும் மனுக்கள்தான்.

‘மூடிவிடலாம்’ என்று சொல்வது சுலபமா?

சிக்கனவாதிகள் முதலில் கை காட்டுவது நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களை. புதுச்சேரியில் இது வெறும் வாதம் இல்லை, நடந்த கதை. நூற்றாண்டு கண்ட ஏ.எஃப்.டி பஞ்சாலை 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. பாப்ஸ்கோ, பாசிக் போன்ற அரசு நிறுவனங்களின் ஊழியர்கள் நிலுவைச் சம்பளம் கேட்டுப் பலமுறை தெருவில் இறங்கியிருக்கிறார்கள். மின்துறையைத் தனியாருக்கு விடும் முடிவை எதிர்த்து 2022-ல் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

மூடாமல் வைத்திருந்தால் சம்பளம் கொடுக்காமலே ஆண்டுகள் ஓடும். மூடினால் வேலை போகும். இரண்டில் எது, அந்தத் தொழிலாளிக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லாமல் ‘நஷ்ட நிறுவனங்களை ஒழிப்பேன்’ என்று மட்டும் சொன்னால் அது பாதி வாக்குறுதிதான்.

அரிசியா, பணமா?

இலவசம் தொடர்பாகப் புதுச்சேரி பார்த்த மிகப்பெரிய சண்டை இதுதான். ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் பணம் போடலாம் என்றார் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. இடைத்தரகு, முறைகேடு குறையும் என்பது அவர் தரப்பு. அரிசியாகத்தான் தர வேண்டும் என்றார் அன்றைய முதல்வர் நாராயணசாமி. பணமாகக் கொடுத்தால் அது வேறு செலவுக்குப் போய்விடும் என்பது அவர் தரப்பு. மத்திய அரசு பணம் என்ற பக்கம் நின்றது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில் மறுபடியும் ரேஷன் கடை வழியாக அரிசி வழங்கல் தொடங்கியது.

இத்தனை ஆண்டு இழுபறியில் முடிவெடுத்த இடங்களைக் கவனியுங்கள். துணைநிலை ஆளுநர் மாளிகை, உள்துறை அமைச்சகம், நீதிமன்றம். ஒரு தொகுதி எம்.எல்.ஏ-வின் பங்கு, பேரவையில் குரல் எழுப்புவதோடு நின்றுவிட்டது.

அப்போ, சிக்கனம் பேசுபவருக்கு ஓட்டுப் போடுவது வீணா?

இல்லை. புதுச்சேரித் தொகுதிகள் சின்னவை. சில நூறு ஓட்டுகளே முடிவை மாற்றிவிடும். 2021 தேர்தலில் 30 இடங்களில் 6 பேர் சுயேச்சையாக ஜெயித்தார்கள். அதில் காரைக்கால் மாவட்டத்தின் திருநள்ளாறில் வென்ற பி.ஆர்.சிவாவும் ஒருவர். பெரிய கட்சியின் சின்னம் இல்லாமல் இங்கே ஜெயிக்க முடியும். நாலைந்து பேர் பக்கம் மாறினால் ஆட்சியே ஆட்டம் காணும் அவையில், கணக்கு தெரிந்த ஒரு எம்.எல்.ஏ-வின் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2021 பிப்ரவரி 22-ல் நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது இதே அவையில்தான்.

ஆனால் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது வேறு. ‘கடனைக் குறைப்பார்’ என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ‘ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்பார்’ என்று எதிர்பார்த்தால், அது நடக்கக்கூடியது. தடைக்கால நிவாரணம் தடைக்காலம் முடிவதற்குள் வந்ததா, முகத்துவாரத்தைத் தூர்வார ஒதுக்கிய தொகை முழுசாகச் செலவானதா என்று கேட்பதும் நிதிச் சிக்கனம்தான். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும்போது, தாமதமாக வரும் நிவாரணம் வட்டிக் கடனாக மாறித்தான் மீனவர் வீட்டுக்குள் நுழைகிறது. அரசு மிச்சம் பிடித்த வட்டியை அந்தக் குடும்பம் கட்டுகிறது.

வாக்காளர் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இலவச வாக்குறுதிகள் பற்றிய வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்து, தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் தேர்தல் அறிக்கை பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்கிறது அது. இலவசம் தருகிறேன் என்பவரிடம் கேட்கும் இதே கேள்வியை, குறைக்கிறேன் என்பவரிடமும் திருப்பிக் கேட்கலாம்:

1. எந்தச் செலவைக் குறைப்பீர்கள்? ‘வீண் செலவு’ என்று பொதுவாகச் சொல்லாமல், துறையின் பெயரைச் சொல்லுங்கள்.

2. அந்தச் செலவால் இப்போது பயன்பெறுபவர் யார்? அவருக்கு மாற்று ஏற்பாடு என்ன?

3. எந்த வரியைக் குறைப்பீர்கள்? அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பீர்கள்?

4. தூர்வாருதல், கடலரிப்புத் தடுப்புச் சுவர், பள்ளிக் கட்டடம் இவை உங்கள் கணக்கில் செலவா, முதலீடா?

5. 2004 சுனாமி, 2018 கஜா புயல் மாதிரி ஒன்று மறுபடி வந்தால் கையிருப்பு இருக்குமா? அதற்கு எவ்வளவு ஒதுக்கச் சொல்வீர்கள்?

6. கூட்டணிக் கட்சி பெரிய இலவசம் ஒன்றை அறிவித்தால், பேரவையில் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவீர்கள்?

ஆறாவது கேள்விக்குத்தான் 1967-ல் சுதந்திரா கட்சியிடம் தெளிவான பதில் இல்லை. 20 பேர் ஜெயித்தும், அவர்கள் எதிர்த்துப் பேசிவந்த மானியம் அவர்கள் கூட்டணியின் பெயரிலேயே அமலுக்கு வந்தது. கருக்களாச்சேரியில் ஓட்டுக் கேட்டு வரும் எந்தப் புதுமுகமும் அந்தப் பதிலை ஓட்டுப்பதிவுக்கு முன்பே சொல்லிவிட்டால், அவர் ஜெயித்தாலும் தோற்றாலும் வாக்காளருக்குக் கணக்கு தெளிவாக இருக்கும்.